பொண்ணு வாசல்

ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, நல்லமேய்ப்பர்பட்டிக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். 'மேப்பட்டி' என்று கேட்டால்தான் டிக்கெட் கிழிப்பார். அந்த ஊரில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம். திங்கள் முதல் வெள்ளி வரை அது திருச்சபை ஆரம்பப் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளைக் கிழக்கே பார்த்துத் திருப்பிப் போட்டு, பீடத்தை மறைத்திருக்கும் திரையை விலக்கிவிட்டால் கோயில். சபையார் சாக்பீஸ் தூளின் மேல்தான் முழங்கால் போடுவார்கள். நல்ல பட்டுச்சேலை கட்டி வந்த பெண்கள் கொஞ்சம் முணுமுணுப்பதோடு சரி.

அந்தக் கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள். மேற்கே பெரிய வாசல், தேக்குக் கதவு, சாண் நீளச் சாவி. வடக்குச் சுவரின் மூலையில் இன்னொன்று. வளர்ந்த ஆள் இடுப்பை வளைத்துக் குனிந்தால்தான் அதற்குள் நுழைய முடியும். அதன் பெயர் பொண்ணு வாசல். கல்யாணத்தன்று மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெரிய வாசல் வழியாக வருவான். பெண் மட்டும் கோயிலைச் சுற்றிக்கொண்டு போய், வடக்கு வாசலில் குனிந்து உள்ளே வர வேண்டும். குனியும்போது தலையில் வைத்த பூ வாசல் நிலையில் உரசி நாலு இதழ் உதிர்ந்தால் அவள் வாழ்க்கை மணக்கும் என்பது ஊர் நம்பிக்கை. கோயில் கட்டிய வெள்ளைக்கார மிஷனரி பெண்பிள்ளைகளுக்காக ஆசையாக வைத்துக் கொடுத்த வாசலாம். வேதத்தில் இது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று அங்கே வந்த எந்த ஐயரும் கேட்டதில்லை. போதகர்களை அந்தப் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வார்கள். கேட்டிருந்தால் அடுத்த மாற்றலில் அவர் பெயர் முதலில் இருந்திருக்கும்.

பள்ளியின் தலைமையாசிரியை ஹெப்சிபா இதையெல்லாம் கேள்வி கேட்கும் ஆள் இல்லை. அவள் அம்மா ஜெயபாய் அந்த வாசலில் குனிந்து வந்துதான் தாலி கட்டிக்கொண்டாள். ஹெப்சிபாவும் அப்படித்தான். மே மாதம் அவள் மகள் விஜிக்கு அதே கோயிலில் கல்யாணம். விஜி பொண்ணு வாசலில் குனிந்து வருவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று ஹெப்சிபா கணவர் இறந்த நாளிலிருந்து மனசுக்குள் ஒரு சினிமாவே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுவரில் விரிசல் விழுந்தது.

பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று வேண்டும். அதற்காக ராஜபாளையத்திலிருந்து ஆல்வின் என்று ஓர் இளம் இஞ்சினீயர் வந்தார். விரிசலைப் பார்த்தார், பொண்ணு வாசலுக்கு மேலே காரையைச் சுரண்டிப் பார்த்தார், வெளியே போய்ப் பார்த்தார், திரும்ப உள்ளே வந்தார்.

"டீச்சர், இந்த வாசல் கோயில் கட்டும்போது வச்சது இல்ல. பொறவு சுவத்தை உடைச்சு வச்சிருக்காவ."

"அதெப்படித் தம்பி சொல்லுதீங்க?"

"பெரிய வாசலுக்கு மேல பாருங்க, செங்கல்லை வளைச்சு அழகா வளைவு கட்டியிருக்கான். இதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. ரெண்டு பனங்கட்டையைச் சொருகி, மேல காரையைப் பூசி விட்டிருக்கு. அம்புட்டுப் பாரமும் கட்டை மேல ஒக்காந்திருக்கு. கட்டை உளுத்துப்போச்சு. இம்புட்டு நாளு நின்னதே கர்த்தர் கிருபைதான்."

சுவரை இறக்கி, தூண் போட்டு எழுப்ப வேண்டும் என்றார். செலவை ஏற்றுக்கொள்ள ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். தூண் வரவேண்டிய இடம் அந்த மூலை என்பதால் பழைய வாசல் திரும்ப வராது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் வேலை முடிந்தால் சான்று. முடியாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். ஆல்வின் வாசலுக்கு இரண்டு சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்துவிட்டு, கதவை அடித்துச் சாத்தாமல் இருந்தால் போதும், அதுவரை விழாது என்று சொல்லிப் போனார்.

சபைக் கமிட்டிச் செயலாளர் இம்மானுவேல் காதில் இது விழுந்ததும் குதித்தார். பஞ்சு வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவர், மேலத்தெருவின் பெரிய வீடு.

"பொண்ணு வாசல்ல கடப்பாரை வைக்கவா? ஊரு வெளங்குமா டீச்சர்? வெள்ளக்காரன் வச்ச வாசலு. நேத்துப் படிச்சிட்டு வந்த பயலுக்கு என்ன தெரியும்?"

கமிட்டியில் மேலத்தெருக்காரர்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் நின்றார்கள். இதில் வயிறெரியும் விஷயம் ஒன்று உண்டு. அந்த வாசலுக்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் வீட்டுப் பிள்ளைகூட அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. காலையில் மஞ்சள் வேன் மேலத்தெருவுக்கு வந்து அவர்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ராஜபாளையத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். திருச்சபைப் பள்ளியில் படிப்பதெல்லாம் கீழத்தெருப் பிள்ளைகள். பள்ளி மூடினால், தென்காசி ரோட்டில் சீறி வரும் லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆறு வயசுப் பிள்ளைகளும் அதில் உண்டு.

ஹெப்சிபா வாதாடித்தான் பார்த்தாள். இம்மானுவேல் குரலை இறக்கினார்.

"டீச்சர், மே மாசம் ஒங்க மக கல்யாணம். விஜி நல்லபடியா அந்த வாசல்ல வந்து தாலி வாங்கட்டும். பொறவு ஒக்காந்து பேசுவோம்."

கல்யாணத்துக்குப் பிறகு என்றால் ஜூன் வந்துவிடும், சுவரைத் தொட நேரம் இருக்காது. அது ஹெப்சிபாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், சரி என்று தலையை ஆட்டிவிட்டாள்.

ஆனால் ஆல்வின் சொன்ன வார்த்தை காதுக்குள் போன எறும்பு மாதிரி குடைந்துகொண்டே இருந்தது. பிறகு உடைத்து வைத்த வாசல் என்றால், யார் உடைத்தது? நல்ல பெரிய வாசல் இருக்கும்போது எதற்கு உடைத்தது? கல்யாணப் பெண் நுழையத்தான் என்றால் எந்தக் கோணங்கி இத்தனை குட்டையாக வைப்பான்?

மறுநாள் மதியம் மணி அடித்ததும் பிள்ளைகள் வழக்கம்போலப் பொண்ணு வாசல் வழியாகவே வெளியே பாய்ந்தார்கள். முட்டுக் கொடுத்த வாசலில் ஓடுகிறார்களே என்று அதட்டப் போன ஹெப்சிபா, வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். ஒரு பிள்ளைகூடக் குனியவில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே உயரமான பையன் போனான், அவன் உச்சந்தலைக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. இத்தனை வருஷமாகத் தினமும் பார்த்த காட்சிதான். ஆனால் அந்த வாசல் குட்டை இல்லை, சரியான அளவுதான் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அது பிள்ளைகள் உயரத்துக்கு வைத்த வாசல்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அந்த மூலையில் தரை கழுவினால் தண்ணீர் எப்போதும் தேங்கும். ஏன் தேங்குகிறது என்று குனிந்து பார்த்தாள். சிமெண்டுத் தரையில் ஒரு வெடிப்பு, நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. கொஞ்ச தூரம் போய்ச் செங்குத்தாகத் திரும்பிச் சுவரில் முட்டியது. தானாக விழுகிற வெடிப்பு இப்படித் திரும்புமா? ஒரு சாக்பீஸை எடுத்து வெடிப்பின் மேலேயே கோடு இழுத்தாள். ஒரு கூட்டம் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் அளவுக்கு ஒரு சதுரம் வந்தது. அந்த இடம் ஒரு காலத்தில் பள்ளமாக இருந்திருக்கிறது, பிறகு யாரோ மேடாக்கிப் பூசியிருக்கிறார்கள்.

மூன்றாவதாகப் பட்டது இன்னும் விசித்திரம். கீழத்தெருவிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதை நேராகப் பொண்ணு வாசலுக்குத்தான் வந்து சேர்கிறது. மேலத்தெருப் பெண்கள்தான் கல்யாணத்தன்று கோயிலைச் சுற்றிக்கொண்டு அங்கே வர வேண்டியிருக்கிறது. ஹெப்சிபா தான் பார்த்த கல்யாணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கீழத்தெருப் பெண் ஒருத்திகூட அந்த வாசலில் வந்ததில்லை. மூக்குக்கு முன்னால் இருக்கும் வாசலை விட்டுவிட்டு, அவர்கள் சுற்றிக்கொண்டு பெரிய வாசலுக்குப் போவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி பாண்டிசெல்வி, கீழத்தெருக்காரி, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிறவள். மகனை அழைத்துப்போக வந்தவளை ஹெப்சிபா பிடித்து நிறுத்தினாள்.

"பாண்டிசெல்வி, ஒங்க தெருப் பொண்ணுக ஏன் இந்த வாசல்ல வாரதில்ல?"

பாண்டிசெல்வி முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"நான் மாரியம்மன் கோயில்ல தாலி கட்டுனவ, என்கிட்டப் போயி கேக்கீகளே. ஆனா எங்க தெருவுல வேதக்காரங்க வீட்டுப் பொண்ணுக யாரும் அதுல வரமாட்டாவ. ஏன்னு தெருவுக்கே தெரியும்."

"எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்லையே?"

"நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையே டீச்சர்."

ஹெப்சிபாவுக்குச் சுருக்கென்றது. இப்போது கேட்கிறேனே என்றாள்.

"என் வாயால வேண்டாம். நர்சம்மா பெத்தம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்காவ. அந்த வாசல்ல நடந்தவிய. அவியகிட்டக் கேளுங்க."

சனிக்கிழமை ஹெப்சிபா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அரைக் கிலோ பால்கோவா வாங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கும் மனுஷிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிப் போகிறோமே என்பது பாதித் தெரு நடந்த பிறகுதான் உறைத்தது. கையில் வாங்கியதை என்ன செய்ய, நடந்தாள்.

பெத்தம்மாளுக்கு எண்பது தாண்டியிருக்கும். கீழத்தெருவில் பிறந்து, நர்ஸாகி, ஊர் ஊராக அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தேரடிக்குப் பின்னால் சந்தில் சொந்த வீடு. ஹெப்சிபா போனபோது அடுத்த வீட்டு ஆளுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் குழாய். பேசாதே என்று கையைக் காட்டினாள். அந்த ஆளை உப்பைக் குறைக்கச் சொல்லித் திட்டி அனுப்பிய பிறகுதான் இவள் பக்கம் திரும்பினாள்.

ஹெப்சிபாவுக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மேலத்தெருவில் யாரும் கீழத்தெருவில் யாரையும் முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. ஹெப்சிபாவின் அம்மாகூட 'பெத்தம்மா' என்று பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஹெப்சிபா யோசித்துவிட்டு, "சிஸ்டர்" என்றாள்.

"ஐயாதுரை வாத்தியார் பேத்தி தான நீ? மூக்கே சொல்லுது. அது என்ன கையில? சுகர்காரிக்குப் பால்கோவாவா? நல்லா வாங்குன போ."

ஹெப்சிபா விஷயத்தைச் சொன்னாள். குட்டை வாசல், சாக்பீஸ் சதுரம், சுற்றிப் போகும் பாதை, எல்லாவற்றையும். பெத்தம்மாள் குழாயைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அம்புட்டையும் கண்டுபிடிச்சிட்டு, உடைச்சது யாருன்னு மட்டும் என்னைய சொல்லச் சொல்லுத. ஒங்க தாத்தாதான்."

பள்ளிக்கூடச் சுவரில் ஐயாதுரை வாத்தியார் படம் தொங்குகிறது. எல்லோருக்கும் கல்வி தந்த மகான் என்று அடியில் எழுதியிருக்கும். ஆசிரியர் தினத்துக்கு ஆசிரியர் தினம் ஹெப்சிபாதான் மாலை போடுவாள்.

"எங்க தெரு வேதத்துக்கு வந்த புதுசு. புள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல சேத்தாவ. அன்னைக்கே ஒங்க தெருக்காரவிய அவிய புள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டாவ. பெரிய வாசல்ல எங்க காலு பட்டா அவிய காலு படாதாம். பள்ளிக்கூடமே காலி. இன்ஸ்பெக்டர் வந்து பாத்தா மூடிருவான். ஒங்க தாத்தா சோறு தண்ணி இல்லாம கெடந்து, கடைசியில கடப்பாரையைத் தூக்கிட்டாவ. எங்களுக்குன்னு ஒரு வாசலு. சின்னப் புள்ளைகதான வரப்போவுது, அதுக்கு எம்புட்டு ஒசரம் வேணும்?"

"அந்தப் பள்ளம்?"

"எங்களுக்குத்தான். ஒரு படி தோண்டி எறக்கியிருக்கும். அவிய மேட்டுல, நாங்க பள்ளத்துல. சிலேட்டைப் படி மேல வைக்கணும். வாத்தியாரு கையில எடுக்க மாட்டாவ. எங்க தப்போ அங்க பெரம்பு நுனியால தொட்டுக் காட்டுவாவ."

"எங்க தாத்தாவா?"

"ஒங்க தாத்தாதான். அந்தப் பெரம்பு நுனியிலதான் நான் எழுத்துப் படிச்சேன். நர்ஸ் படிப்புக்கு அங்க இங்க எழுதிப் போட்டுச் சேத்துவிட்டதும் அவியதான். சொன்னா ரெண்டையும் சேத்துச் சொல்லணும். ஒண்ண மட்டும் சொன்னா பொய்யி."

"அப்ப கல்யாணப் பொண்ணு எப்படி அதுல வந்துச்சு?"

பெத்தம்மாள் சத்தம் போட்டுச் சிரித்தாள். அதில் கோபமும் இருந்தது.

"ஒங்கம்மா ஜெயபாய்தான் மொதப் பொண்ணு. அந்தக் கல்யாணத்தன்னைக்கு ஒங்க தாத்தா பெரிய வாசலைப் பூட்டி, சாவியை மடியில முடிஞ்சுக்கிட்டாவ. 'எம் மக கல்யாணத்துக்கு வாரவிய எல்லாரும் அந்த வாசல் வழியா வாங்க. நான் செஞ்ச பாவம். அது எம்புட்டு ஒசரம்னு நீங்களும் பாருங்க'ன்னாவ. ஒங்கம்மா மொதல்ல குனிஞ்சு வந்தா. பின்னாலயே பொம்பளைய எல்லாரும் வந்தாவ. நான் அப்ப பெரிய புள்ள, பள்ளத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். ஆம்பளைய மட்டும் வெளிய வெயில்ல நிக்காவ. ஒருத்தன் குனியல. ஐயரும் குனியல. கடைசியில மாப்பிள்ளை வீட்டுக்காரவிய, மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவோம்னுட்டாவ. ஒங்க தாத்தா என்ன செய்வாவ? மக வாழ்க்கைல்லா? அழுதுக்கிட்டே சாவியை எடுத்துக் குடுத்தாவ. பொண்ணு அந்த வாசலு, மாப்பிள்ளை இந்த வாசலு. அப்படித்தான் அன்னைக்குக் கல்யாணம் நடந்துச்சு."

"அதையா எல்லாரும் வழக்கமாக்கிட்டாவ?"

"வாத்தியாரு மக போன வாசலாச்சே. ஒங்கம்மாவுக்கு மொதப் புள்ள ஆம்பளையாப் பொறந்துச்சா, ராசியான வாசல்னுட்டாவ. அடுத்த கல்யாணத்துல இருந்து வரிசையா குனிய விட்டாவ. ஒங்க தாத்தா தலையில அடிச்சுக்கிட்டாவ. ஆம்பளைய வாயைத் திறப்பாவளா? குனிய மாட்டேன்னு நின்ன கதையை எவன் பேரங்கிட்டச் சொல்லுவான்? வெள்ளக்காரன் வச்ச வாசல்னு ஒண்ணைக் கெளப்பி விட்டுட்டாவ. எங்க பொண்ணுக அதுல குனிஞ்சது போதும். கல்யாணத்துக்கும் குனியணுமா?"

கிளம்பும்போது, "போயிட்டு வாரேன் பெரியம்மா" என்று ஹெப்சிபா வாயில் தானாக வந்துவிட்டது. பெத்தம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "பஸ்ஸு போயிரும், வெரசா போ" என்று மட்டும் சொன்னாள். பால்கோவாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெப்சிபா அழுதாள். தாத்தாமேல் முதலில் கோபம்தான் வந்தது. மகான் என்று அடியில் எழுதிய படத்தைக் கழற்றி எறிய வேண்டும் போல இருந்தது. பிறகு இம்மானுவேல் சொன்னதற்குத் தான் தலையாட்டியது ஞாபகம் வந்தது. தாத்தா பள்ளிக்கூடத்தை மூடிவிடக் கூடாது என்று அந்தப் பாவத்தைச் செய்தார். நான் மகள் தலையில் நாலு பூ உதிர்வதைப் பார்க்கப் பள்ளிக்கூடம் மூடினால் மூடட்டும் என்றல்லவா தலையாட்டினேன்? அந்த நினைப்பு வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து விஜியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒனக்குப் பூ உதிர்ந்துச்சாம்மா?"

"நெறைய உதிர்ந்துச்சு. எல்லாரும் பொறுக்கி மடியில கட்டிக்கிட்டாவ."

"அப்பா அம்புட்டுச் சீக்கிரம் போயிட்டாகளேம்மா."

ஹெப்சிபா சுவரில் இருந்த கணவர் படத்தைப் பார்த்தாள்.

"நான் பெரிய வாசல்ல வாரேன்" என்றாள் விஜி. "நீ நாளைக்குப் போயி பேசு."

மறுநாள் ஆராதனை முடிந்ததும், அடுத்த ஊர் ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று ஐயர் பைக்கில் ஏறிப் போய்விட்டார். ஹெப்சிபா கேட்டுக்கொண்டபடி சபையார் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிசெல்வியும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் கீழத்தெருத் தாய்தகப்பன்மாரும் வந்து, வழக்கம்போலப் பின் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். ஹெப்சிபா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பிரம்பு நுனியையும் சொன்னாள், அவள் அம்மாவின் கல்யாணத்தையும் சொன்னாள். தரையில் சாக்பீஸ் கோட்டைக் காட்டினாள். இம்மானுவேல் எழுந்தார்.

"இருந்தா இருந்துட்டுப் போகுது டீச்சர். அது அந்தக் காலம். ஒங்க தாத்தா பேரை நீங்களே ஏன் கெடுக்கீங்க? இன்னைக்கு யாரு அப்படி நெனக்கா? இன்னைக்கு அது ராசியான வாசல்."

"அம்புட்டு ராசின்னா நீங்க ஒரு தரமாவது அதுல போயிருக்கீகளா?"

"அது பொம்பளைய போற வாசல்லா?"

ஹெப்சிபா மேற்கே நடந்து போனாள். தேக்குக் கதவை இழுத்துச் சாத்தினாள். சாவியை உள்பக்கமாகத் திருகிப் பூட்டிவிட்டு, அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். திரும்பி வந்து வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ராசி ஆம்பளையளுக்கும் கொஞ்சம் வரட்டும். எல்லாரும் அது வழியாப் போங்க. பொறவு இந்த வாசல் வேணுமா வேண்டாமான்னு சொல்லுங்க."

மேலத்தெருப் பெண்கள் முதலில் எழுந்தார்கள். அவர்களுக்கு என்ன, பழகிய வாசல். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் குனிந்து போனார்கள். ஆண்கள் அசையவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெயபாய் கல்யாணத்தில் வெளியே நின்றவர்களின் பேரன்மார் அல்லவா? ஆனால் தாத்தாமாருக்கு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு காத்திருக்கவில்லை. மணி ஒன்றைத் தாண்டியது. ஒரு பெரியவர் சுகர் மாத்திரை போடணும் என்று முனகிக்கொண்டே எழுந்தார். அவர் குனிந்து போனதும் அணை உடைந்தது. தொந்திக்காரர்கள் முட்டுக் கம்புகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகளெல்லாம் பனங்கட்டையின் உளுத்த தூள் ஒட்டி வெளியே போயின. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

கடைசியில் இம்மானுவேல் மட்டும் மிஞ்சினார். பின் பெஞ்சுகளில் கீழத்தெருக்காரர்கள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"சாவியைக் குடுங்க டீச்சர். எனக்கு முழங்கால் மடங்காது."

"எங்க தாத்தா குடுத்துட்டாவ. நான் குடுக்க மாட்டேன்."

அவர் நாற்காலியில் இருந்தவளையே பார்த்தபடி நின்றார். பிறகு வடக்கே போனார். அந்தச் சாக்பீஸ் சதுரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். குனிந்தார். போதவில்லை. இன்னும் குனிந்தார். உச்சந்தலை பனங்கட்டையில் நச்சென்று மோதியது. முழங்கால் மடங்காத மனுஷன் கடைசியில் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, பிள்ளை தவழ்வது போலத்தான் வெளியே போக முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. பாண்டிசெல்வி அதைப் பார்க்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே அவர் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டார் போலிருக்கிறது என்று ஹெப்சிபா நினைத்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"தெனமும் இதுலயா புள்ளைகளை விட்டாவ?"

"தெனமும்தான்."



"அந்த இஞ்சினீயர் தம்பியை நாளைக்கே வரச் சொல்லுங்க. மில் முதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கணும்."

செருப்புச் சத்தம் மேலத்தெருப் பக்கமாகத் தேய்ந்தது. ஹெப்சிபா எழுந்து போய்ப் பெரிய கதவைத் திறந்தாள். கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் தள்ளிவிட்டு, பின் பெஞ்சுகளைப் பார்த்து, "வாங்க, எல்லாருக்கும் பசிக்கும்ல, வீட்டுக்குப் போங்க" என்றாள்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாண்டிசெல்வி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள்.

"செத்த நேரம் இருந்துட்டுப் போறோம் டீச்சர். எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."